நாற்பத்தோரு வண்டிக்கு ஒரு நாடி

"அழிச்சுப் பாத்தியளா?"

ப்ளூடூத் ஒட்டவில்லை என்று யார் வந்தாலும் ஆவுடையப்பன் கேட்கிற முதல் கேள்வி இதுதான். போனில் வண்டியின் பேரை அழி, வண்டியில் போனின் பேரை அழி, இரண்டையும் அணைத்துவிட்டு ஒரு டீ குடித்து வந்து புதுசாகச் சேர். நூற்றுக்கு எழுபது வண்டி இதிலேயே வழிக்கு வந்துவிடும். மிச்சம் முப்பதுக்குத்தான் ஆவுடையப்பன் தேவைப்படுவான். பாளையங்கோட்டையில் பதினாறு வருஷமாகக் கார் ஆடியோ கடை வைத்திருக்கிறான். அவன் கை பட்டு ஒட்டாத போன் கிடையாது என்று டாக்ஸி ஸ்டாண்டில் பேச்சு. அந்தப் பேச்சில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்றைக்கு மத்தியானம் போனில் கூப்பிட்ட பெண்பிள்ளையிடமும் அதையேதான் கேட்டான்.

"அழிச்சுப் பாத்தாச்சு தம்பி. மகன் பெங்களூர்ல இருந்து சொல்லச் சொல்ல எல்லாம் செஞ்சு பாத்தேன். முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்துது. இப்ப இணைப்பு இல்லை, இணைப்பு இல்லைன்னே சொல்லுது. நான் நம்பிராசன் வீட்டம்மா பேசுதேன்."

ஆவுடையப்பன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். அறுபத்துமூன்று நாளாக அவன் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. காய்கறிக்குப் போனால்கூடச் சுற்றிக்கொண்டு போனான்.

"கம்பெனி ஆளைக் கூப்பிடுதேன்னு நிக்கான் மகன். நாந்தான் வேண்டாம்னேன். ஆவுடை கை வச்சாத்தான் நம்ம வண்டி கேக்கும்னு அவுக எப்பவும் சொல்லுவாக."

கம்பெனி ஆள் வந்தால் முதலில் டிரைவர் சீட்டைக் கழற்றுவான். கழற்றினால் அடியில் இருப்பதைப் பார்ப்பான். பார்த்தால் ஆவுடையப்பன் கதை முடிந்தது.

"அவங்க எதுக்கு மதினி? நானே வாரேன்" என்றான். எவ்வளவு கரிசனமான மனுஷன் பாருங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தானே ஓடுகிற வண்டிகள் ஊருக்குள் வந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் டிரைவர்மார் சீட்டில் சாய்ந்து குறட்டை விட்டதில் நாலைந்து பெரிய விபத்து நடந்துபோய், அரசாங்கம் உயிரிணைப்பு என்று ஒரு சட்டம் போட்டது. வண்டி தானாகவே ஓடட்டும். ஆனால் ஸ்டியரிங்குக்கு முன்னால் உயிரும் முழிப்புமாக ஒரு ஆள் இருந்தாக வேண்டும். அவன் மணிக்கட்டில் ஒரு பட்டை. பட்டை நாடியைப் பார்த்துப் போனுக்குச் சொல்லும், போன் ப்ளூடூத்தில் வண்டிக்குச் சொல்லும். மூன்று விநாடி இணைப்பு அறுந்தால் வண்டி ஓரங்கட்டி நின்றுவிடும். ஒரு நிமிஷத்துக்குள் டிரைவர் குரல் கொடுக்காவிட்டால் அதுவே ஆம்புலன்ஸைக் கூப்பிடும். இணைப்பு இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரிவதற்காக, ஸ்டியரிங் வளையம் அவனுடைய நாடிக்குத் தக்கபடி உள்ளங்கையில் மெல்லத் துடிக்கும். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லமாட்டேன்.

கெடுத்தது ப்ளூடூத். மழை பெய்தால் அறுந்தது, டோல்கேட்டைத் தாண்டினால் அறுந்தது, பின்சீட்டில் நாலு பேர் நாலு போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அறுந்தது. நாற்கர ரோட்டில் நூறில் போகிற வண்டி திடீரென்று ஓரங்கட்டி நின்றால் பின்னால் வருகிற லாரிக்காரன் அம்மாவையும் அப்பாவையும் இழுப்பான். சவாரிக்காரர் இறங்கும்போது ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். வாரத்தில் மூன்று தடவை அப்படி நின்றால் டாக்ஸி கம்பெனி பதினைந்து நாளைக்கு அந்த டிரைவருக்குச் சவாரி கொடுக்காது. காற்றில் எதுவோ அறுந்ததற்கு வீட்டில் அடுப்பு எரியாது.

இதற்கு ஆவுடையப்பன் கண்டுபிடித்த மருந்துக்குத்தான் ஸ்டாண்டில் ஊமை போன் என்று பேர். பழைய போன் ஒன்றில் ஒருவருடைய நாடியை இருபது நிமிஷம் பதிந்து, முடிந்தால் திரும்ப முதலிலிருந்து ஓடும்படி செய்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் சார்ஜர் வயரோடு கட்டிவிடுவது. ஒரு சாண் தூரத்தில் இருப்பதால் அறுபடவே அறுபடாது. அந்த ஒருவர் வேறு யாரும் இல்லை, ஆவுடையப்பன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கடை பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பதிந்தது. நிமிஷத்துக்கு அறுபத்தெட்டு, மணி மணியாக.

முதன்முதலில் அதைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்ட டிரைவர் மைதீன்கூடக் கேட்டான்: "யாரு நாடின்னு வண்டி கண்டுபிடிச்சிராதா அண்ணாச்சி?"

"அதுக்கு நாடி இருக்கா இல்லையான்னுதாம்ல தெரியும். ஆளு யாருன்னு அதுக்கு என்ன கவலை?"

"எனக்கு நெசமாவே ஏதாவது ஆயிட்டா?"

"உனக்கு என்னல ஆகப்போவுது, கடா மாதிரி இருக்க."

சிரித்தார்கள். ஒன்று இரண்டாகி, பத்தாகி, ஒன்றரை வருஷத்தில் திருநெல்வேலிக்குள் நாற்பத்தோரு வண்டி ஆவுடையப்பனுடைய நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கடையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருக்கும்போது அவன் மதுரையிலும் இருந்தான், நாகர்கோவிலிலும் இருந்தான். அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வான்.

நாற்பத்தோராவது வண்டி நம்பிராசனுடையது.

நம்பிராசனுக்கு ஐம்பத்திரண்டு வயது. தூத்துக்குடி விமான நிலையத்துக்குச் சவாரி அடிக்கிறவர். அதிர்ந்து பேசமாட்டார். ஸ்டாண்டில் எல்லோரும் ஊமை போன் வாங்கியபோதும் அவர் வாங்கவில்லை. "சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா" என்று ஒதுங்கியே நின்றார். ஆனால் போன ஐப்பசியிலிருந்து அவர் வண்டிக்குப் பிடித்தது சனி. மழை இல்லை, டோல்கேட் இல்லை, பின்சீட்டில் ஆள் இல்லை. இருந்தும் இணைப்பு நிலையாக இல்லை, இணைப்பு நிலையாக இல்லை என்று வண்டி நின்றுகொண்டே இருந்தது. ஆவுடையப்பன் அழித்துச் சேர்த்தான். ஆன்டெனா மாற்றினான். போனை மாற்றினான், பட்டையை மாற்றினான். நாலு நாள் தலைகீழாக நின்றும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அதே போனையும் பட்டையையும் தன் கையில் கட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து வண்ணார்பேட்டை வரைக்கும் போய் வந்தான். ஒரு தடவைகூட அறுபடவில்லை.

"வண்டியில ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. கோளாறு உங்க கையிலதான் இருக்கு" என்று சிரித்தான்.

நம்பிராசனும் சிரித்தார். சிரித்துவிட்டு, அதற்கு மேல் அவருக்கும் வேறு வழி தெரியாததால், "சரி, அந்த ஊமையை மாட்டித் தொலை, ஸ்டாண்டுல யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார்.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை விமான நிலையத்தில் ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினார். மூன்று இருபதுக்கு வண்டி பெருமாள்புரத்தில் அவர் வீட்டு வாசலில் வந்து ஒழுங்காக நின்றது. பன்னிரண்டு நிமிஷம் யாரும் அசையாததால் தானே அணைந்துகொண்டது. ஐந்து மணிக்கு அவர் மனைவி பூரணம் போய்க் கதவைத் திறந்தபோது அவர் செத்து விறைத்திருந்தார். மூடின வண்டியின் வெக்கையில் சீக்கிரம் விறைத்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் வண்டிப் பதிவை எடுத்துப் பார்த்தார். மூன்று முப்பத்திரண்டு வரைக்கும் நாடி அறுபத்தெட்டு. வீட்டு வாசலில் வந்து மாரடைப்பு, சந்தேகம் ஒன்றும் இல்லை என்று எழுதி முடித்துவிட்டார்.

அறுபத்தெட்டு என்று ஆவுடையப்பன் காதிலும் விழுந்தது. ஊரில் வேறு யாருக்கும் தெரியாத விஷயம் அவனுக்குத் தெரியும். ஐந்து மணிக்கே விறைத்திருந்தார் என்றால், அந்த மனுஷன் எங்கேயோ ரோட்டிலேயே போய்விட்டார். வாசலில் துடித்தது தன் நெஞ்சு. தெரிந்தும் என்ன செய்தான்? கூட்டத்தோடு நின்றான், பாடைக்குத் தோளும் கொடுத்தான். மறுநாள் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து தன் நாடிப் பதிவை ஒரு துளி மிச்சமில்லாமல் அழித்தான். மற்ற நாற்பது பேரையும் கூப்பிட்டு, ஊமை போனைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று கெஞ்சினான்.

"எடுத்துட்டா வண்டி நிக்கும். வண்டி நின்னா வீட்டுல உலை வைக்க முடியாது. நீங்க வந்து சோறு போடுவியளா?" என்றான் மைதீன். ஒருத்தரும் கொண்டுவரவில்லை.

பூரணம் வாசலிலேயே காத்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தாள். ஆவுடையப்பன் அவளை அடையாளம் கண்டுகொள்ளவே ஒரு நிமிஷம் ஆனது.

"வாங்க தம்பி. துட்டிக்கு வந்துட்டுப் போனதுதான், அப்புறம் ஆளையே காணோம்."

"கடையில கொஞ்சம் வேலை மதினி."

வண்டி வேப்பமரத்துக்குக் கீழே நின்றது. தூசி துடைத்து, கண்ணாடி பளபளவென்று இருந்தது. டிரைவர் பக்கக் கதவு திறந்திருந்தது, சீட்டில் ஒரு துண்டு மடித்துப் போட்டிருந்தது.

"மதினிக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டான்.

"எனக்கு என்னத்த தெரியும்? உக்காருததுதான்." அவள் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள். "பதினாறு முடிஞ்ச மறுநாள் வண்டியத் துடைக்க வந்தேன். சும்மா சாவியப் போட்டேன். இணைப்பு கிடைத்ததுன்னு சொல்லிச்சு. ஸ்டியரிங்ல கை வச்சேன் தம்பி. துடிச்சுது."

ஆவுடையப்பன் பையைக் கீழே வைத்தான்.

"அவுக நாடி உள்ளுக்குள்ள பதிஞ்சு கிடக்குதுல்லா, அதை வண்டி எனக்குக் காட்டுது. இன்ஸ்பெக்டரும் சொன்னாரு, எல்லாம் வண்டியில பதிஞ்சிருக்கும்னு. அன்னையில இருந்து மூணு மணி ஆனா வந்து உக்காந்துருவேன். கொஞ்ச நேரம் கை வச்சிருப்பேன். பொறவு போய் உலை வைப்பேன். மகன் பெங்களூருக்கு வா வான்னு கூப்பிடுதான். இதை விட்டுட்டு நான் எப்படிப் போக? இப்ப ரெண்டு நாளா இதுவும் நின்னு போச்சு. எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."

ஒன்றரை மாசமாக இந்தப் பொம்பளை தினமும் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தன்னுடைய நெஞ்சின்மேல் என்று ஆவுடையப்பனுக்கு உறைத்தது. அவனுக்கு அருவருப்பாக இருந்தது, அவள்மேல் அல்ல. கொண்டவன் போன பிறகு அந்நிய ஆம்பிளையின் நாடியைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று தெரிந்தால் இவள் உசிரை வைத்திருப்பாளா என்று பயமாகவும் இருந்தது.

"ஒண்ணு கேக்கட்டா தம்பி? உமக்கு இந்த மெஷினெல்லாம் தெரியும்லா, அதான்."

"கேளுங்க மதினி."

"மூணு இருபதுக்கு வண்டி வந்துச்சு. சத்தம் எனக்குக் கேட்டுது. அன்னைக்குக் காலையில எங்களுக்குள்ள ஒரு சொல் கூடிப் போச்சு. மகளுக்குச் சீர் அனுப்புத விஷயம், ஒண்ணுமில்லாத விஷயம். வந்தா வரட்டும், நானாப் போய்க் கதவத் திறக்கப் போறதில்லன்னு வீம்புக்கு உள்ளயே உக்காந்திருந்தேன். அதுக்குப் பொறவும் பன்னெண்டு நிமிசம் நாடி இருந்துருக்கு. நான் அப்பவே ஓடிப் போயிருந்தா, ஆஸ்பத்திரி இந்தா இருக்கு, காப்பாத்தியிருக்கலாமா?"

இதற்குப் பதில் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவன் அவள் எதிரில்தான் நின்றான். இல்லை மதினி, நீங்கள் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, வாசலுக்கு வந்தது வெறும் உடம்புதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் தலையிலிருந்து பாரம் இறங்கிவிடும். அடுத்த நிமிஷம் அது அவன் தலையில் ஏறும். போலீஸ், ஜெயில், நாற்பது டிரைவர் குடும்பங்களின் சாபம் எல்லாம் ஏறும். இருந்தாலும் நெஞ்சில் கொஞ்சம் ஈரம் இருந்ததால் ஆவுடையப்பன் வாயைத் திறந்தான்.

"மதினி, மெஷின்தானே. அந்தப் பதிவு தப்பாக்கூட இருக்கலாம்."

பூரணம் அவனை உற்றுப் பார்த்தாள். "தப்புன்னா? அப்ப அவுக எங்க வச்சுப் போனாக?"

அவன் குனிந்து பையின் ஜிப்பைத் திறந்து மூடினான்.

"ரோட்டுலயா? வண்டிக்குள்ள ஒத்தையில, தண்ணின்னு கேக்கக்கூட ஆளில்லாமலா?" அவள் குரல் உடைந்தது. "வேண்டாம் தம்பி, என்னை ஆத்துததுக்காக அப்படிச் சொல்லாதிய. அவுக வாசல் வரைக்கும் வந்தாக, எங்கிட்டத்தான் வந்தாக. நாந்தான் போகல. அந்தப் பாவத்த நான் வச்சுக்கிடுதேன். அவுக வீட்டுக்கு வந்துட்டாகங்கிறது மட்டும் எனக்கு வேணும்."

பாருங்கள், ஒரு கோழைக்கு இதைவிட வசதியான பேச்சு எங்கே கிடைக்கும்? அவளே வேண்டாம் என்கிறாளே, நாம் என்ன செய்ய என்று ஆவுடையப்பன் வாயை மூடிக்கொண்டான். வருத்தம் உண்மைதான், கண்ணில் தண்ணீர்கூட வந்தது. தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, குடிக்க மோர் கொண்டுவரச் சொல்லி அவளை உள்ளே அனுப்பிவிட்டுச் சீட்டைக் கழற்றினான்.

ஊமை போன் பேட்டரி வீங்கி, முதுகு பிளந்து கிடந்தது. உயிர்ப்பிக்க வழியே இல்லை. பையில் போட்டுக்கொண்டான். அதோடு எழுந்து போயிருக்கலாம். கை சும்மா இருக்காமல், மெக்கானிக்குகள் மட்டும் பார்க்கிற உள் மெனுவைத் திறந்தான்.

அன்றைய வியாழக்கிழமையின் கணக்கு அங்கே இருந்தது. இன்ஸ்பெக்டர் நாடிப் பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார். ஸ்டியரிங்கில் கை இருக்கிறதா என்பதற்குத் தனியாக ஒரு பக்கம் உண்டு. இரண்டு ஐம்பத்தாறுக்கு, தூத்துக்குடி ரோட்டில் வல்லநாடு பக்கத்தில், இரண்டு கையும் விலகியிருந்தன. விலகுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பூராவும் ஹாரன் அழுத்தப்பட்டிருந்தது. அந்த மனுஷன் வண்டியை நிறுத்தப் பார்த்திருக்கிறார், பிரேக்கிலும் கால் வைத்திருக்கிறார். சாய்ந்தபோது கால் நழுவியிருக்கிறது. டிரைவருக்கு ஒன்றுமில்லை, நாடி அறுபத்தெட்டு என்று சீட்டுக்கடியிலிருந்து ஆவுடையப்பன் சொல்லச் சொல்ல, வண்டி மறுபடி வேகம் பிடித்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது.

அதற்கும் முந்தைய பக்கங்களை அவன் புரட்டாமலே இருந்திருக்கலாம். ஐப்பசியில் இணைப்பு அறுந்ததாக வண்டி சொன்ன நேரமெல்லாம் வரிசையாக இருந்தது. மூன்று விநாடி, நாலு விநாடி, மறுபடி மூன்று. ஒவ்வொரு இடைவெளிக்கு முன்னாலும் நாடி தாறுமாறாக ஓடி, பிறகு தேய்ந்து, பிறகு இல்லை. போனிலிருந்து தகவல் வராமல் இல்லை. தகவல் ஒழுங்காக வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. அதில் துடிப்புதான் இல்லை. துடிப்பு இல்லையென்றால் இணைப்பு இல்லை என்று காட்டும்படி எவனோ எழுதி வைத்திருக்கிறான். ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும், ஒரு ஈ.சி.ஜி எடுத்திருந்தால் போதும். நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, ப்ளூடூத் ப்ளூடூத் என்று ஆன்டெனாவை மாற்றிக்கொண்டிருந்தது ஊரிலேயே கெட்டிக்காரன் என்று பேர் வாங்கிய ஆவுடையப்பன். அழித்துப் பார் என்று சொல்லிப் பழகின வாய்க்கு, ஆளைப் பார் என்று தோன்றவில்லை.

பூரணம் மோரோடு வந்து நின்றாள்.

"என்ன தம்பி, முகமெல்லாம் வேர்த்துக் கிடக்கு? சரியாகாதா?"

"ஆயிரும் மதினி. ஒரு பார்ட்டு போயிருச்சு. கடைக்குப் போய் எடுத்துட்டு வாரேன்."

"மூணு மணிக்குள்ள வந்துருவியளா?"

"வந்துருதேன்."

கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கினான். நல்ல போன் ஒன்றை எடுத்தான், மணிக்கட்டில் பட்டையைக் கட்டினான். பழைய பதிவுதான் இல்லையே, அவனேதானே அழித்தான். மைதீனிடமிருந்தோ வேறொருத்தரிடமிருந்தோ ஒரு பிரதி எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நாற்பது பேரும் மூன்று மாவட்டத்தில் ரோட்டில் இருந்தார்கள், மணியோ இரண்டு. புதுசாகத்தான் பதிய வேண்டும்.

பெஞ்சில் மல்லாந்து படுத்தான். திரையில் நூற்றுப் பதினெட்டு என்று காட்டியது. எழுந்து தண்ணீர் குடித்தான், முகம் கழுவினான், கண்ணை மூடி நூறிலிருந்து பின்னோக்கி எண்ணினான். நூற்றிருபத்திரண்டு. எண்ணிக்கை அறுபதுக்கு இறங்குவதற்குள் வல்லநாடு வந்தது, ஹாரன் சத்தம் வந்தது. தரையில் படுத்துப் பார்த்தான், சாமிப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தான். அவன் என்ன சொல்லியும் நெஞ்சு கேட்கவில்லை. அடித்தது, நடுவில் தடுக்கியது, மறுபடி ஓடியது. இரண்டேமுக்காலுக்கு, வந்தது வரட்டும் என்று பதிந்ததை அப்படியே போனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

அவன் போனபோது அவள் தலைவாரி, வேறு சேலை மாற்றியிருந்தாள். பார்ட்டைப் பொருத்துவதாகச் சொல்லிச் சீட்டுக்கடியில் கையை விட்டு வயரை மாட்டினான். சீட்டை இறுக்கினான். துண்டை எடுத்து மடித்தபடியே திரும்பப் போட்டான்.

"உக்காருங்க மதினி."

அவள் உட்கார்ந்து சாவியைப் போட்டாள். இணைப்பு கிடைத்தது என்றது வண்டி. பூரணம் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு உள்ளங்கையையும் வளையத்தில் வைத்தாள்.

பிறகு அவள் நெற்றி சுருங்கியது.

"தம்பி, இது முன்ன மாதிரி இல்லையே."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். எதிரே இருந்த முகத்தைப் பார்த்து, இது அவர் இல்லை மதினி, நான் என்று சொல்லியிருக்கலாம். ஆவுடையப்பன் தொழில்காரன் புத்தியை விடவில்லை.

"முன்ன பழைய பார்ட்டு மதினி. பாதிக்குப் பாதிதான் காட்டிக்கிட்டு இருந்துது. இப்பத்தான் உள்ளத உள்ளபடி காட்டுது."

"அப்ப இதுதான் நெசமா?"

"ஆமா."

"கடைசி நேரத்துல உள்ளதா? வாசல்ல இருந்த நேரத்துல உள்ளது?"

அவன் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டுகிறோம் என்று தெரியாமலே ஆட்டினான்.

பூரணம் கையை எடுக்காமல் குனிந்து, வளையத்தின்மேல் நெற்றியை வைத்தாள். ஒவ்வொரு துடிப்புக்கும் அவள் தோள் லேசாகத் தூக்கிப் போட்டது. ஆவுடையப்பனுக்குத் தன் மார்புக்குள் அடிப்பது காதுக்குக் கேட்டது.

"நான் இத்தன நாளா, தூங்குத மாதிரி அமைதியாப் போயிருக்காகன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "இம்புட்டு வேகமா அடிச்சிருக்கு. நடுவுல நடுவுல நின்னுருக்கு. ரொம்பப் பயந்துட்டாக தம்பி. உள்ள நான் இருக்கேன்னு தெரியும், கூப்பிடச் சத்தம் வரல, இப்ப வருவா இப்ப வருவான்னு கதவையே பாத்துக்கிட்டுக் கிடந்திருக்காக."

அழவில்லை. அழுதிருந்தால்கூட அவன் ஏதாவது சொல்லியிருப்பான். கதவைப் பிடித்தபடி நின்றான்.

"இனி இது நிக்காதுல்லா?" என்று கேட்டாள்.

"நிக்காது மதினி" என்றான் ஆவுடையப்பன்.